இருக்கிற கோலத்தோடேயே எழுந்து போ, தங்கச்சி!

தங்கச்சி, முதலில் நிமிர்ந்து உட்கார். இதை உனக்காகத்தான் எழுதுகிறேன். ஜெலாப்பாங் அடுக்குமாடியிலோ, சிலிபின் பக்கத்து வாடகை அறையிலோ, புந்தோங்கில் மாமியார் வீட்டிலோ இருந்துகொண்டு, வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிந்தும் கிளினிக் பக்கம் தலைகாட்டாமல் நாளைக் கடத்துகிறாயே, உனக்காகத்தான். ஹெரோயினோ, கோடீன் கலந்த இருமல் மருந்தோ, வலி மாத்திரையோ, கெத்தும் இலைத் தண்ணியோ, ஏதோ ஒன்று உன்னைப் பிடித்து வைத்திருக்கிறது. “முதல்ல இதை விட்டுடறேன், அப்புறம் போய் டாக்டரைப் பார்க்கிறேன்” என்று தினமும் உனக்கு நீயே வாக்குக் கொடுக்கிறாய். சாயங்காலம் அந்த வாக்கு உடைந்ததும், “நான் எதுக்கும் லாயக்கில்லை” என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாய்.

லாயக்கில்லாதவள் நீ இல்லை. வரிசையைத்தான் மாற்றிப் போட்டுவிட்டாய். முதலில் கிளினிக்குக் கிளம்பு. விடுவது அதற்குப் பிறகு, டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய காரியம். சுத்தமாகிவிட்டுத்தான் வாசல் ஏற வேண்டும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. இருக்கிற கோலத்தோடேயே எழுந்து போ. அந்த ஒரு நடைக்கு வேண்டிய தைரியம்தான் இன்றைக்கு உனக்கு வேண்டிய தன்னம்பிக்கை முழுவதும்.

பல்லைக் கடிக்காதே!

மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள்: “பல்லைக் கடி! மனசு வெச்சா ஒரே நாள்ல தூக்கிப் போட்டுடலாம்!” வேறு யாருக்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். கர்ப்பிணிக்கு அந்த உபதேசம் ஆபத்து.

ஏன் என்று கேள். ஹெரோயின், கோடீன் போன்ற அபின் வகைப் பொருள் தினமும் உள்ளே போகும்போது, மூளையும் குடலும் இரத்த ஓட்டமும் அதற்குப் பழகிக்கொள்கின்றன. தொப்புள்கொடி வழியாக அது பிள்ளைக்கும் போகிறது. பிள்ளையின் உடம்பும் பழகிக்கொள்கிறது. ஒரே நாளில் அடியோடு நிறுத்தினால் உனக்கு வியர்த்துக் கொட்டும், எலும்பெல்லாம் வலிக்கும், வாந்தியும் பேதியும் பிடுங்கும். அதே தவிப்பு உள்ளே இருக்கும் பிள்ளைக்கும் உண்டு. கர்ப்பம் கலையலாம், குறைமாதத்தில் வலி எடுக்கலாம். அதைத் தாண்டிவந்தவர்களிலும் பலர் மறுபடி அதே பொருளுக்குத் திரும்புகிறார்கள். இடையில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துபோயிருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். தாயும் பிள்ளையும் ஒன்றாகப் போய்விடுகிற ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டியில் தெளிவாகச் சொன்னது: அபின் வகைப் போதைக்கு அடிமையான கர்ப்பிணியைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதே, மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்தைத் தொடர்ந்து கொடு.

ஜெலாப்பாங்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. மெனோரா சுரங்கத்தைத் தாண்டி மலைச்சரிவில் இறங்கிவரும் நெடுஞ்சாலையில், நம்மூரில் ஒரு டோல் சாவடி இருந்தது ஞாபகமிருக்கிறதா? சரிவில் வேகமெடுத்து வரும் லாரி, பிரேக் சூடேறித் தளர்ந்த நேரத்தில், சாவடியில் சட்டென்று நிற்க வேண்டும். விபத்துமேல் விபத்து. கடைசியில் என்ன செய்தார்கள்? “டிரைவர்களே, இன்னும் பலமாக மிதியுங்கள்” என்று போர்டு வைத்துவிட்டுப் போகவில்லை; சாவடியையே அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். சரிவில் வரும் வண்டிக்கு, வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வழி வேண்டும். உனக்கும் அதுதான் வேண்டும். அந்த வழிக்குப் பெயர் சிகிச்சை.

ஒரு சின்னக் கப் மருந்து

மெத்தடோன் கொடுக்கிற இடம் எப்படி இருக்கும் என்று தெரியாததால்தான் பாதி பயம். சொல்கிறேன், கேள். காலையில் கவுண்டருக்குப் போவாய். பெயரைச் சரிபார்ப்பார்கள். உன் உடம்புக்கென்று டாக்டர் குறித்த அளவு திரவத்தை, பார்மசிக்காரர் ஒரு சின்னக் கப்பில் ஊற்றிக் கொடுப்பார். அவர் கண்முன்னே குடிக்க வேண்டும். மேலே கொஞ்சம் தண்ணீர். விழுங்கிவிட்டாய் என்பது தெரிய இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள். “சாப்பிட்டாச்சா?”, “சாப்பிட்டேன்.” அவ்வளவுதான். நீ கிளம்பிப் போய்ச் சமைக்கலாம், வேலைக்குப் போகலாம், மூத்த பிள்ளையைப் பள்ளியில் விடலாம். சில காலம் ஒழுங்காக வந்து, சிறுநீர்ப் பரிசோதனையும் சரியாக இருந்தால், வீட்டுக்கே மருந்து கொடுத்தனுப்பும் ஏற்பாடும் உண்டு.

இந்த மருந்து உடம்பில் ஒரு நாளுக்கு மேல் நிற்கும். ஹெரோயின் சில மணி நேரத்தில் ஏறி இறங்குவதால்தான் ஆளை ஆட்டிப்படைக்கிறது. கர்ப்பப்பைக்குள் இருக்கும் பிள்ளையும் அந்த ஏற்ற இறக்கத்தில் சிக்குகிறது. மெத்தடோன் அதைச் சமநிலையில் நிறுத்துகிறது. “ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?” என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நியூயார்க்கில் வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் 1965-இல் இந்தச் சிகிச்சையின் பலனை எழுதிவைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சர்க்கரை நோயாளி இன்சுலின் போட்டுக்கொண்டால் அவளை யாரும் அடிமை என்று சொல்வதில்லை. உன்னையும் சொல்ல விடாதே.

இன்னொன்றையும் தெரிந்துகொள். எட்டாம் மாதம், ஒன்பதாம் மாதம் ஆகும்போது உடம்பில் இரத்தத்தின் அளவு கூடும், மருந்து சீக்கிரம் கரையும். அதனால் டாக்டர் அளவைக் கூட்டலாம், இரண்டு வேளையாகப் பிரித்தும் கொடுக்கலாம். “ஐயோ, எனக்கு மோசமாகிவிட்டது” என்று இடிந்துபோகாதே. உடம்பு பெருத்திருக்கிறது, மருந்தும் அதற்கேற்ப ஏறுகிறது.

சியாபுவுக்கு (மெத்தாம்பெட்டமைன்) மெத்தடோன் மருந்தாகாது என்பதும் உண்மை. அதற்குத் தனி ஆலோசனை, தனிக் கவனிப்பு. உண்மையைச் சொன்னால்தான் டாக்டரால் சரியாகப் பிரித்துப் பார்க்க முடியும். பலர் சியாபுவையும் அபின் வகையையும் கலந்தே எடுக்கிறார்கள். ஒன்றை மறைத்தால் மற்றதற்கான சிகிச்சையும் கெடும்.

இந்த நாடு செய்து காட்டியது

“இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்லதான் நடக்கும்” என்று முணுமுணுக்காதே. உன் சொந்த நாட்டுக் கதையைக் கேள்.

2002-இல் மலேசியாவில் 6,978 பேருக்கு எச்.ஐ.வி. புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு ஊசி பகிர்ந்துகொண்டவர்கள். தண்டனையை மட்டும் நம்பியிருந்த நாடு, தன் வழியை மாற்றிக்கொள்ளத் துணிந்தது. 2005-இல் மெத்தடோன் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. 2006-இல் சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டமும் வந்தது. இன்று அரசாங்கக் கிளினிக்குகளிலேயே மெத்தடோன் கிடைக்கிறது.

இன்னும் பெரிய வெற்றி தாய்மார்களுடையது. 1998 முதல் அரசாங்கக் கிளினிக்குக்கு வரும் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் வழக்கம் நாடு முழுவதும் வந்தது. பரிசோதித்தார்கள், மருந்து கொடுத்தார்கள், பிள்ளையைக் காப்பாற்றினார்கள். “நீ எப்படி வாங்கிக்கொண்டாய்?” என்ற விசாரணை முடிந்த பிறகுதான் சிகிச்சை என்று வைத்திருந்தால் ஒருத்தியும் வந்திருக்க மாட்டாள். பலன் என்ன தெரியுமா? தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிஃபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்திலேயே முதல் நாடு! அந்தச் சான்றுக்குப் பின்னால் இருப்பது யார்? உன்னை எடைபோட்டு, இரத்தம் எடுத்து, வீடு தேடி வருகிற அதே நர்ஸ் மிஸ்ஸிகள். அவர்களால் அது முடிந்தது. உன்னையும் உன் பிள்ளையையும் கரை சேர்க்க முடியாதா?

பிள்ளை நடுங்கும், தேறும்

உன் நெஞ்சை அரிக்கிற கேள்வி எனக்குத் தெரியும். “என் பிள்ளை போதையோடதான் பொறக்குமா?”

பிள்ளை அடிமையாகப் பிறப்பதில்லை. பிறந்ததும் தொப்புள்கொடி வழியாக வந்த மருந்து நின்றுவிடுவதால், சில பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு நாளில், சில சமயம் இன்னும் தாமதமாக, தவிப்பு தொடங்கும். கைகால் நடுங்கும், கீச்சென்று அழும், பால் சரியாகக் குடிக்காது, தும்மும், தூங்காது. பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் இது குணமாகிற நிலை. பிலடெல்ஃபியாவில் லொரெட்டா ஃபினெகன் என்ற டாக்டர் 1975-இல் இதற்கு மதிப்பெண் முறையையே வகுத்தார். அன்று முதல் வார்டுகளில் இதைக் கணக்குப் பார்த்துச் சிகிச்சை செய்கிறார்கள்.

அதைவிட இனிப்பான சேதி ஒன்று இருக்கிறது. சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, தூக்கினால் அமைதியாகிறதா என்ற மூன்றை மட்டும் பார்த்துப் பராமரிக்கும் முறையை அமெரிக்காவில் 26 மருத்துவமனைகளில் ஆய்வு செய்து 2023-இல் வெளியிட்டார்கள். பழைய முறையில் பிள்ளை வீடு திரும்பத் தயாராகச் சராசரி 14.9 நாள். புதிய முறையில் 8.2 நாள். அந்த முறையில் முதல் மருந்து எது என்று பார்: விளக்கு மங்கிய அமைதியான அறை, துணியில் இதமாகச் சுற்றுவது, தாயின் மார்புச் சூடு, தாய்ப்பால். எந்தக் கடையிலும் கிடைக்காத மருந்து! அது உன்னிடம் இருக்கிறது. மெத்தடோனில் நிலையாக இருக்கும் தாய் பொதுவாகப் பால் கொடுக்கலாம். எச்.ஐ.வி. இருந்தாலோ, வெளியே இன்னும் போதை எடுத்துக்கொண்டிருந்தாலோ டாக்டர் சொல்கிறபடி நட. சிகரெட்டைக் குறைத்தால் பிள்ளையின் தவிப்பும் குறையும். அதையும் இன்றைக்கே தொடங்கு.

பயத்தின் கண்ணைப் பார்

பயப்படாதே என்று சும்மா சொல்லிவிட்டுப் போக மாட்டேன். உன் பயங்களுக்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

போலீஸ் பயம். 1952-ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆம் பிரிவில், எடுத்துக்கொள்வதற்கே 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை என்று இருக்கிறது. ஆனால் தானாக முன்வந்து சிகிச்சை கேட்கிறவருக்கு 1983-ஆம் ஆண்டுச் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்திலேயே இடமும் இருக்கிறது. தெருவில் பிடிபட்டவளாக நிற்பதா, சிகிச்சை கேட்டு வந்தவளாக நிற்பதா? முந்திக்கொள்! உன் கதையை உன் வாயால் முதலில் சொல்கிறவள் நீயாக இரு.

பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம். எந்தத் தாயின் ஈரக்குலையையும் நடுங்க வைக்கிற பயம் இது. யோசித்துப் பார்: ஒரு பரிசோதனைக்கும் போகாமல், வலி வந்த பிறகு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறவளைப் பற்றி அதிகாரிகளுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. மாதாமாதம் வந்து, மருந்தைத் தவறாமல் குடித்து, ஒவ்வொரு தேதியிலும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய தாயைப் பற்றி? அந்தப் பதிவேடே அவளுக்காகப் பேசும். உனக்காக வாதாட இன்றே ஆதாரம் சேர்க்கத் தொடங்கு.

ஊர் வாய்க்குப் பயம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் இந்தப் போதை எங்கிருந்து வந்தது என்று பார். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய காலத்தில் அபின் விற்பனையில் கஜானாவை நிரப்பியது பிரிட்டிஷ் அரசாங்கமேதான். பால்மரத் தோட்டங்களில் லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடையை வைத்து, கொடுத்த கூலியைச் சாயங்காலமே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து நம்மைச் சுற்றி இந்த வலை பின்னப்பட்டிருக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டு, ஈப்போ ஓரத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், சொந்தமும் தொழிலும் ஒரே சமயத்தில் கைநழுவிய இடத்தில் வளர்ந்தவர்கள். இவ்வளவையும் உன் ஒருத்தியின் தலையில் கட்டி, “இவ கெட்டவ” என்று யார் சொன்னாலும் அந்தத் தீர்ப்பை நீ வாங்கிக்கொள்ளாதே!

மிஸ்ஸி முகம் சுளிப்பாரோ என்ற பயம். சுளிக்கலாம். அடுத்த மிஸ்ஸியிடம் போ. டாக்டரைக் கேள். ஒருவரின் முகச்சுளிப்புக்காக உன் பிள்ளையின் உயிரை விட்டுக்கொடுக்காதே.

வீட்டாரே, கோவில் தலைவர்களே!

இப்போது உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும். அத்தை, மாமா, அண்ணன்மாரே, அவளைத் திட்டித் திருத்திவிடலாம் என்று இத்தனை நாள் முயன்றீர்கள். பலித்ததா? அறையில் வைத்துப் பூட்டுவது சிகிச்சை ஆகாது. மேலே சொன்ன ஆபத்தெல்லாம் அந்தப் பூட்டிய அறைக்குள்தான் நடக்கும். மோட்டாரில் ஏற்றிக் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். அவள் உள்ளே இருக்கும் நேரத்தில் மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுக்கும் வளைகாப்பு போடுங்கள். நாலு பேர் கையால் வளையல் போட்டுக்கொண்டவளுக்குத் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது என்ற நம்பிக்கை வரும். கணவரும் எடுக்கிறவரா? அப்படியானால் அவரும் சேர்ந்து போக வேண்டும். ஒரே வீட்டில் ஒருவர் மருந்திலும் ஒருவர் பழைய பொருளிலும் இருந்தால் அவள் நிலைப்பது கடினம். அவர் கைநீட்டுகிறவர் என்றால், தங்கச்சி, 15999 என்ற தாலியான் காசே எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம்.

கோவில் தலைவர்களே, கோலாலம்பூரில் அர்-ரஹ்மான் பள்ளிவாசல் 2010 வாக்கில் மலாயாப் பல்கலைக்கழக நிபுணர்களோடு சேர்ந்து மெத்தடோன் கொடுக்க முன்வந்தது. தொழுகிற இடத்திலேயே மருந்துக்கு இடம் கொடுத்தார்கள். தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோவிலுக்கு ஆயிரக்கணக்கில் திரள்கிற ஈப்போ தமிழர்களுக்கு அந்த மனசு இல்லையா? மருந்து கொடுக்க வேண்டாம். மாதம் ஒரு நாள் மண்டபத்தைத் திறந்துவிட்டு, கர்ப்பிணிகளுக்குச் சாப்பாடும் வண்டி வசதியும் நல்ல வார்த்தையும் கொடுக்க முடியாதா? கனடாவின் வான்கூவரில் 1993-இல் தொடங்கிய ஷீவே என்ற மையத்தில் டாக்டர், சமூக சேவகர், சூடான சாப்பாடு, பிள்ளைக்கு வேண்டிய துணிமணி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. அதே நகரத்து மருத்துவமனையில் 2003-இல் திறந்த ஃபிர் ஸ்கொயர் பிரிவில் தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் ஒரே அறையில் வைத்துப் பார்க்கிறார்கள். அப்படியொரு கூரை ஈப்போவிலும் எழ வேண்டும். கேட்டால்தான் எழும். கேளுங்கள்!

நாளைக் காலை செய்ய வேண்டியது

ஒன்று: இன்றிரவு நீயாக அபின் வகைப் பொருள் எதையும் அடியோடு நிறுத்தாதே. நம்பகமான ஒரே ஒருவரிடம் சொல். அக்காவோ, பக்கத்து வீட்டு அம்மாவோ, யாராக இருந்தாலும் சரி.

இரண்டு: உனக்குக் கிட்டத்தில் இருக்கிற அரசாங்கக் கிளினிக்குக்குப் போ. மலாய் திக்குகிறதா? மூன்றே வாக்கியம் போதும்: “சாயா மெங்கண்டுங். சாயா அம்பில் டாடாஹ். சாயா நாக் ராவாத்தான்.” நான் கர்ப்பமாக இருக்கிறேன், போதை எடுக்கிறேன், சிகிச்சை வேண்டும்.

மூன்று: ரோஸ் நிறப் புத்தகம் ஒன்று போட்டுக் கொடுப்பார்கள். அதில் உன் நிலைக்கேற்ப நிற அடையாளம் ஒட்டுவார்கள். வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு. மஞ்சளோ சிவப்போ வந்தால் அவமானப்படாதே. பெரிய டாக்டர் உன்னைப் பார்க்க வேண்டும் என்பதற்கான சீட்டு அது; சிவப்பு என்றால் உடனே பெரியாஸ்பத்திரி. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தால் அந்தத் தேதியில் போய் நில்.

நான்கு: இரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் சம்மதி. எச்.ஐ.வி. இருந்தால் பிள்ளைக்குத் தொற்றாமல் தடுக்க மருந்து உண்டு. ஹெப்படைட்டிஸ் சி இருந்தால், பிரசவத்துக்குப் பிறகு மாத்திரையிலேயே குணமாக்கலாம். அந்தச் சிகிச்சையை 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமாகத் தருகிறார்கள்.

ஐந்து: மாதவிலக்கு நின்று எத்தனை மாதம் என்று தெரியாவிட்டாலும் போ. அபின் வகைப் பொருள் மாதவிலக்கையே தடுமாற வைக்கும். மசக்கை வாந்தியைப் போதை இறங்கிய வாந்தி என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. ஏழாம் மாதத்தில் போனாலும் லாபம்தான். இரத்தம் பட்டாலோ, நீர் உடைந்தாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ கிளினிக் திறக்கக் காத்திருக்காதே, உடனே பெரியாஸ்பத்திரி.

ஆறு: பிள்ளை பிறந்த பிறகு மருந்தை விட்டுவிடாதே. தூக்கமின்மை, உடல் வலி, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து பழைய பொருளை ஞாபகப்படுத்துகிற காலம் அது. மெத்தடோனைக் குறைப்பதும் நிறுத்துவதும் நீ தேறி நின்ற பிறகு, டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

ஏழு: நடுவில் ஒரு நாள் வழுக்கி விழுந்தாயா? மறுநாள் காலை மறுபடி அதே கவுண்டருக்குப் போ. விழுந்ததை மறைக்காமல் சொல். அளவு போதவில்லை என்பதாகக்கூட இருக்கலாம்; சரிசெய்வார்கள். ஒரு நாள் தவறியதற்காக ஒன்பது மாதத்தையும் தூக்கி எறியாதே.

தங்கச்சி, உன்னைத் திருத்திவிட்டுப் பிறகு உன்னைக் காப்பாற்றுவோம் என்று சொல்கிற உலகத்தை நம்பிக் காத்திருக்காதே. நீ காப்பாற்றப்பட வேண்டியவள், இன்றைக்கே, இப்படியே. உன் பிள்ளைக்கு அப்பழுக்கில்லாத அம்மா தேவைப்படவில்லை. உயிரோடு, பக்கத்தில், சிகிச்சையில் இருக்கிற அம்மா தேவை. அந்த அம்மாவாக ஆக உன்னால் முடியும். எவ்வளவோ வலியைத் தாங்கிக்கொண்டு இத்தனை மாதம் சுமந்திருக்கிறாயே, அந்தப் பலத்தில் ஒரு துளி போதும், கிளினிக் வாசலைத் தாண்ட. நாளைக் காலை ஏழு மணிக்கு எழு. ஐ.சி. அடையாள அட்டையை எடுத்துக்கொள். வெறும் வயிற்றில் போகாதே, ஏதாவது சாப்பிடு. யாராவது துணை வந்தால் கூட்டிக்கொள். யாரும் வராவிட்டால் தனியாகவே கிளம்பு. கவுண்டரில் தலையைக் குனியாமல் அந்த மூன்று வாக்கியத்தையும் சத்தமாகச் சொல்!